நோயை மறைக்காத மஹல்லா

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலித்து வரும் அல்லாஹுத்தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

2020-ஆம் ஆண்டின் ரமளானை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் 25-ஆம் நாள் நம் பகுதியில் முதல் நோன்பு. மோதினார் பாங்கு சொன்னார். ஸஃப்பில் நிற்க ஆளில்லை. தராவீஹ் வீட்டுக் கூடத்தில் நடந்தது. கஞ்சி காய்ச்சும் அடுப்பு எரியவில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒரு வக்து தவறாமல் பள்ளிக்கு வந்த பெரியவர்கள், மூடிய கதவைத் தெருவில் நின்று பார்த்துக் கண் கலங்கினார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் ஜமாஅத்துகள் கண்ட காட்சி இது. உலகமெங்கும் இதே நிலைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30-இல் அறிவித்த நெருக்கடி நிலை 2023 மே 5-இல்தான் முடிவுக்கு வந்தது. அந்த மூன்றாண்டுகளில் முகத்தை மூடுங்கள், விலகி நில்லுங்கள், காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்ற சொற்கள் எல்லோர் காதிலும் விழுந்தன. ஆயினும் கேட்டவர் சிலர், கேளாதவர் சிலர். காய்ச்சலைச் சொன்னவர் சிலர், போர்வைக்குள் மறைத்தவர் சிலர். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? படிக்காதவர்கள் கேட்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். படித்தவர்களிலும் மறைத்தவர்கள் உண்டு. ஈமான் பலவீனம் என்று வேறு சிலர் சொல்வார்கள். ஐந்து வேளை தொழுபவர்களிலும் மறைத்தவர்கள் உண்டு. ஆகவே காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. இன்னொரு கொள்ளை நோய் வருமா, எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வந்தால் நம் மஹல்லா எப்படி நிற்கும் என்பதற்கு இப்போதே விடை கண்டாக வேண்டும்.

ஸர்ஃகில் நடந்தது

முதலில் மார்க்கத்தின் அடிப்படையைப் பார்ப்போம். அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் பயணமாகி ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. அம்வாஸ் பிளேக் என்று வரலாறு குறிப்பிடும் நோய் அதுவே. உமர் (ரலி) அவர்கள் உடனே கட்டளையிட்டுவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர்களிடையே இரு கருத்து இருந்தது. பிறகு அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அவ்வாறே. கடைசியாகக் குறைஷிகளில் மூத்தவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடலாம் என்று அவர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பின்னரே திரும்பும் முடிவு மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

அப்போது படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்கள். கலீஃபா கோபித்து அவர்களை அடக்கவில்லை. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று கூறி, ஒரு பக்கம் பசுமையும் மறு பக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமையாகக் காட்டினார்கள். எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே அல்லவா என்று விளக்கினார்கள். அதற்குள் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் போகவும் கூடாது, நாம் இருக்கும் ஊரில் அது பரவினால் தப்பி ஓடவும் கூடாது என்ற நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையை எடுத்துச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது.

மூன்று விஷயங்களை இங்கே கவனியுங்கள். தலைவர் ஆலோசித்தார்; காரணம் சொன்னார்; மறுத்துப் பேசியவரின் மானத்தைக் காத்தார். கேள்வி கேட்ட அந்த அபூஉபைதா (ரலி) அவர்களே பின்னர், ஹதீஸின் இரண்டாம் பகுதிக்கு இணங்கத் தம் படையை விட்டு வெளியேற மறுத்து, அதே நோயில் வஃபாத்தானார்கள். கட்டளைக்கு உயிரையும் கொடுக்கத் துணிந்த அந்தக் கீழ்ப்படிதல், அடக்கி வாங்கியதல்ல, நம்பிக்கையால் விளைந்தது.

ஒன்று: சொல்பவர் யார்?

சொல்லும் செய்தி சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்பவரை மக்கள் தம்மவராக நம்ப வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. போலியோ சொட்டு மருந்து கருத்தரிப்பைத் தடுக்கும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் பரவியபோது, முஸ்லிம் குடும்பங்கள் பல கதவைச் சாத்திக்கொண்டன. அதிகாரிகள் திரும்பத் திரும்பப் போய்த் தட்டியும் அந்தக் கதவுகள் திறக்கவில்லை. பிறகு ஆலிம்கள் மிம்பரிலிருந்து பேசினார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிலையங்கள் துணை நின்றன. அந்தந்தத் தெருவின் பெண்களே வீடு வீடாகச் சென்றார்கள். கதவுகள் திறந்தன. 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட புதிய நோயாளி இல்லை. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது.

நம் தமிழகத்திலும் 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, செல்போனில் சுற்றிய வதந்தியால் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கே அனுப்பாமல் நிறுத்தினார்கள். 2021-இல் கொரோனா ஊசியிலும் அதே கதை. நடிகர் விவேக் அவ்வாண்டு ஏப்ரல் 15-இல் ஊசி போட்டுக்கொண்டு, 17-இல் மாரடைப்பால் காலமானார். அவருடைய மரணத்திற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பின்னர் தெளிவுபடுத்தியது. அதற்குள் அச்சம் ஊர் ஊராகப் போய்விட்டது.

நம்மவரிடம் இன்னும் இரண்டு ஐயங்கள் இருந்தன. ஊசியில் பன்றிப் பொருள் உண்டா என்பது ஒன்று. நோன்பு முறியுமா என்பது மற்றொன்று. அவ்வாண்டு ரமளான் ஏப்ரல் நடுவில் தொடங்கியது. இரண்டாம் அலையும் அப்போதே எழுந்தது. நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டில் பன்றிப் பொருள் கிடையாது. அப்படிப்பட்ட ஜெலட்டின் கலந்திருந்தாலும், வேறு வழியில்லாதபோது ஊசி ஆகுமானதே என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபத்வா சபை 2020 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. தசையில் போடும் ஊசியால் நோன்பு முறியாது என்று ஷாபிஈ, ஹனபீ ஆலிம்களில் பெரும்பாலோர் விளக்கினார்கள். இந்த மஸ்அலாவைத் தம் பள்ளியின் இமாம் வாயால் கேட்டவர் நிம்மதியாகக் கை நீட்டினார். கேட்க வாய்ப்பில்லாதவர் ரமளான் முடியட்டும் என்று ஒத்திப்போட்டார். அந்த ஒரு மாதத்தில்தான் நோய் உச்சத்திற்கு ஏறியது. இமாமின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு பாரம் உண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

இரண்டு: மானம்

மனிதன் நோய்க்கு அஞ்சுவதைக் காட்டிலும் இழிவுக்கு அதிகமாக அஞ்சுகிறான். 1897-இல் பிளேக் பரவியபோது, புனாவில் ராணுவத்தினர் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். பலவந்தம் நோயை வெளிக்கொணரவில்லை, உள்ளே தள்ளிவிட்டது. அவ்வாண்டு இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020-லும் கையில் எடுக்கப்பட்டது.

2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று திரும்பியவர்களிடையே தொற்று காணப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் கண்டறியப்பட்டவர்களிலும் டெல்லி சென்று வந்தவர்கள் பலர் இருந்தனர். அது மறுக்க வேண்டிய செய்தியல்ல. கூட்டம் கூடிய இடத்தில் தொற்று பரவுவது இயற்கை. ஆனால் அந்த நோய்க்கு ஒரு மதத்தின் பெயரைச் சூட்டியவர்கள் நாடெங்கும் கிளம்பினார்கள். முஸ்லிம் வியாபாரியிடம் காய்கறி வாங்காதே என்ற பேச்சும் எழுந்தது. நோய்க்கு மதச்சாயம் பூசக்கூடாது என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மாநில சுகாதாரத் துறையின் அறிக்கைகளும் பின்னர் அமைப்பின் பெயரைத் தவிர்த்தன. அது நல்ல மாற்றம். ஆனால் ஏற்கனவே பட்ட காயம் பட்டதுதான்.

ஒரு மாதம் கழித்து என்ன நடந்தது? சென்னைக் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவி, மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கியவர்களும் வியாபாரம் செய்தவர்களும் சொந்த ஊர் திரும்பினார்கள். சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தைத் தொட்டு விழுப்புரம் போகிறது; நோயும் அந்த வழியே வந்தது. விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. இதே கிருமி, இதே காய்ச்சல். ஏப்ரலில் அதற்கு ஒரு சமுதாயத்தின் பெயர். மே மாதத்தில் ஒரு சந்தையின் பெயர். காய்கறி மூட்டைக்கு மதம் இல்லாததால், யாரும் அதை ஒரு மதத்தின் குற்றமாக்கவில்லை. இந்த இரண்டு மாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இழிவு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

நீதிமன்றங்கள் பின்னர் பேசின. வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21-இல் ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்ற கருத்தையும் தெரிவித்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், அவர்களுக்கு இடம் கொடுத்த இந்தியர்கள் 70 பேர் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. நியாயம் வந்தது, ஆனால் காய்ச்சல் ஐந்தாண்டு காத்திருக்காது. அன்று பழிச்சொல்லைக் கேட்ட ஒரு தகப்பன், தன் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது என்ன நினைத்திருப்பான்? சொன்னால் தெருவே நம்மைச் சுட்டும் என்றுதானே?

கடல் கடந்து இலங்கையைப் பாருங்கள். 2020-இல் அங்கே கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே தீர வேண்டும் என்று ஆணை வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பிப்ரவரி வரை அந்த ஆணை நீங்கவில்லை. அதன் பிறகே ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. 2024 ஜூலையில் இலங்கை அரசு மன்னிப்புக் கேட்டது. தன் மையித்தை எரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் நோயாளி மருத்துவமனைக்கு எப்படித் துணிந்து வருவான்? இறந்தவருக்குச் செய்த அவமதிப்பு, உயிரோடிருப்பவரையும் மருத்துவரிடமிருந்து விரட்டிவிடும்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 ஏப்ரலில் சென்னையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து தொற்றுக்கு ஆளாகி இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் தாமே மண் தள்ளி இரவோடிரவாக அடக்கம் செய்தார். அடக்கத்தைத் தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே காலத்தில் நம் சமுதாய இளைஞர்கள் கவச உடை அணிந்து, எம்மதத்தவராயினும் அவரவர் முறைப்படி உடல்களை அடக்கம் செய்தார்கள், தகனமும் செய்வித்தார்கள். கொள்ளை நோயில் மரிக்கும் முஃமின் ஷஹீதுடைய அந்தஸ்தைப் பெறுகிறார் என்ற நபிமொழியை அறிந்த சமுதாயம், அந்த மரணத்தில் இழிவைக் காண்பது எங்ஙனம்?

மூன்று: வயிறு

தினக்கூலிக்காரரிடம் பதினான்கு நாள் வீட்டிலிரு என்று சொல்வது எளிது. உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டால் பதில் வேண்டும். ஒரு தள்ளுவண்டி வியாபாரியை எண்ணிப் பாருங்கள். தொண்டை கரகரக்கிறது, உடம்பு சுடுகிறது. சொன்னால் பதினான்கு நாள் வண்டி நிற்கும். வீட்டில் நான்கு பிள்ளைகள். மறைத்தால் இன்று முந்நூறு ரூபாய் வரும். அவரிடம் ஹதீஸ் சொல்லுமுன் அரிசி கொடுக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்குத் தமிழக அரசு 1,000 ரூபாயும் ரேஷன் பொருட்களும் கொடுத்தது. நோன்புக் கஞ்சிக்கென ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு வழங்கும் பச்சரிசி, அவ்வாண்டு ஏறத்தாழ 5,450 டன், பள்ளியில் காய்ச்சாமல் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எந்த வீட்டில் யார் தேவையுடையவர் என்ற கணக்கு ஜமாஅத்திடம் இருந்தது. அந்தக் கணக்கு இருந்த இடத்தில் கூட்டம் கூட வேண்டிய அவசியமே இல்லாமல் அரிசி வாசலுக்குப் போனது. ஜகாத்தும் ஸதகாவும் நோய்த்தடுப்பு மருந்தாக முடியும் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

நான்கு: நாலு பேர் பார்க்கும் பார்வை

மனிதன் தன்னைச் சுற்றியிருப்பவர் செய்வதைச் செய்வான். முத்தவல்லி முகக்கவசம் அணிந்து வந்தால் ஸஃப் முழுவதும் அணியும். அவரே அதைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டால் நோட்டீஸ் ஒட்டிப் பயனில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் எல்லா வழிபாட்டுத் தலங்களும் திறந்தபோது, வீட்டிலேயே வுளூ செய்து, சொந்த முஸல்லாவுடன் வந்து, இடைவெளி விட்டு நிற்கச் சொன்னார்கள். தோளோடு தோள் சேர நின்று பழகியவர்களுக்கு இது கடினம். முஸாபஹாவுக்கு நீட்டிய கையை மடக்குவது அவமதிப்பாகத் தோன்றியது. பெருநாளன்று கட்டித் தழுவாமல் போவது உறவை முறிப்பதாகத் தோன்றியது.

இங்கேயும் ஸுன்னத் நமக்கு வழிகாட்டுகிறது. ஸகீஃப் கூட்டத்தாருடன் பைஅத் செய்ய வந்தவர்களில் ஒருவருக்குத் தொழுநோய் இருந்தது. அவருடைய பைஅத் ஏற்கப்பட்டது, அவர் திரும்பிச் செல்லலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். கை பிடிக்கவில்லை, ஆனால் ஆளை ஏற்றுக்கொண்டார்கள். பூண்டு தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாமென்று தடுத்த மார்க்கம், தொற்றோடு வருவதை எப்படி அனுமதிக்கும்? மழை நாளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் சொல்லச் செய்தவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். சேற்றுக்கே அந்தச் சலுகை என்றால் உயிருக்கு ஏன் இல்லை?

நம்மிலும் குறை உண்டு. கதவு மூடியபோது மொட்டை மாடியில் ஜும்ஆ கூட்டியவர்கள் இருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த சுகாதாரப் பணியாளரை வாசலிலேயே விரட்டியவர்கள் இருந்தார்கள். தவக்குல் என்ற பெயரால் செய்த அஜாக்கிரதைக்குத் தவக்குல் என்று பெயரில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வை நம்பச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நம்மைப் பிறர் இழிவுபடுத்தியது உண்மை. அதைச் சாக்காக வைத்து அண்டை வீட்டாருக்குத் தீங்கு செய்ய நமக்கு உரிமையில்லை.

ஜமாஅத்தார் செய்ய வேண்டியவை

மேலே சொன்ன நான்கையும் சரிசெய்யும் ஆற்றல் ஓர் அமைப்புக்கு உண்டென்றால், அது மஹல்லா ஜமாஅத்தே. எனவே அமைதியான இந்தக் காலத்திலேயே ஆயத்தமாவோம்.

1. இமாமும் நிர்வாகிகளும் அரசு மருத்துவமனை மருத்துவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். திண்டிவனத்திலும் முண்டியம்பாக்கத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்டு, ஷரீஅத் சட்டத்தையும் சேர்த்து, ஜும்ஆவில் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

2. ஊர்ஜிதம் ஆகாத செய்தியைப் பரப்ப மாட்டோம் என்று ஜமாஅத்தில் உறுதி எடுக்க வேண்டும். செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுவது செல்போன் செய்திக்கும் பொருந்தும்.

3. நோயாளியின் பெயரைத் தெருவில் பேசுவது புறமாகும். காய்ச்சலைச் சொன்னவருக்கு ஜமாஅத் நன்றி சொல்ல வேண்டும். அவர் பிறரைக் காப்பாற்றியவர்.

4. தேவையுடைய குடும்பங்களின் பட்டியல் எப்போதும் தயாராயிருக்கட்டும். தனித்திருக்கும் வீட்டுக்கு, அவ்வீட்டார் எந்த மதத்தவராயினும், பதினான்கு நாளும் உணவு வாசலுக்குப் போகட்டும்.

5. குளிப்பாட்டுதல், கபன், ஜனாஸாத் தொழுகை பற்றிய நோய்க்கால மஸ்அலாக்களை ஆலிம்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். குளிப்பாட்ட இயலாதபோது தயம்மும் எவ்வாறு, அதுவும் இயலாதபோது என்ன என்பதை மையித்தை வைத்துக்கொண்டு விவாதிக்கக் கூடாது.

6. பெண்களை மறந்துவிடக் கூடாது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. மதரஸா உஸ்தாதாக்கள் வழியாக இச்செய்தி அவர்களைச் சேரட்டும்.

சகோதரர்களே! நோயைச் சொல்லும் துணிவு தனி மனிதனிடம் தானாகப் பிறப்பதில்லை. சொன்னால் நம்மைக் கைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையை மஹல்லா கொடுத்தால்தான் அது பிறக்கும். ஒரு காய்ச்சல்காரர் நள்ளிரவில் முத்தவல்லியின் கதவைத் தட்டி, வெட்கப்படாமல் உண்மையைச் சொல்ல முடிந்தால், அந்த மஹல்லா பாதி பிழைத்துவிட்டது என்று பொருள். நம் ஊரில் அப்படித் தட்டத்தக்க கதவு எத்தனை உண்டு என்று இவ்வார ஜும்ஆவுக்குப் பின் ஒவ்வொரு ஜமாஅத்தும் அமர்ந்து எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தக் கொடிய நாட்களில் நம்மை விட்டுப் பிரிந்தவர்கள் அனைவரின் கபுறுகளையும் அல்லாஹ் விசாலமாக்குவானாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்களுக்கு நற்கூலியையும் அருள்வானாக. பிறருக்குத் தீங்கு செய்யாமலும், பிறர் செய்யும் தீங்குக்கு ஆளாகாமலும் வாழும் நற்பாக்கியத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.